போட் ஹவுஸ் அக்கா

நெல்லித்தோப்பு,
12.1.2025

அன்புள்ள பாக்கியம்,

நீ காரைக்கால் போய்ச் சேர்ந்த விஷயத்தை உன் தங்கை நிர்மலாதான் போனில் சொன்னாள். என் நம்பரை நீ பிளாக் பண்ணிவிட்டதையும் அவளே சொன்னாள். அதனால் கடிதம் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. இந்த வரியைப் படித்ததும் நீ எப்படிச் சிரிப்பாய் என்று தெரியும், சிரித்துக்கொள்.

வீடு அப்படியே இருக்கிறது. தையல் மிஷின்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடியிருக்கிறேன். பொங்கலுக்குத் தருவதாக நீ ஒத்துக்கொண்ட ஜாக்கெட்டுகளைக் கேட்டு ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். தைத்து முடித்தவற்றைத் தேடிக் கொடுத்தேன். கவிநிலா டீச்சருக்கு வேறு யாருடையதையோ கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது, திரும்பி வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் லீவு, வேன் ஓட்டமும் இல்லை.

ரேஷன் கார்டு தேடப்போய் என் காக்கிப் பையை நீ திறந்துவிட்டாய். உள்ளே நீ தைத்த அட்டைகள் எழுதாமல் இருபத்தாறு இருந்தன. நான் இடது கையால் எழுதிப் பழகிய தாளும் இருந்தது. என்ன ஏது என்று நான் வாயைத் திறப்பதற்குள் நீ பஸ் ஏறிவிட்டாய். இப்போதாவது சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள்.

மூன்றாவது கருவும் தங்காமல் போய் ஏழு மாதம் கட்டிலே கதி என்று கிடந்தாய். திடீரென்று ஒருநாள் எழுந்தாய். போனில் ஏதோ வீடியோ பார்த்தேன் என்றாய். கல்யாணப் பத்திரிகை அட்டைகளை அளவாக வெட்டி, மிச்ச ஜாக்கெட் துணியை ஒருபக்கம் ஒட்டி, ஓரத்தை மிஷினில் அடித்தாய். ‘யாரிடமும் சொல்லாத ஒன்றை இதில் எழுதித் தபால் பெட்டியில் போடுங்கள், பேர் வேண்டாம்’ என்று எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, நம் விலாசத்தையும் போட்டாய். பெரிய மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட், பீச் ரோடு பெஞ்சு, கதிர்காமம் ஆஸ்பத்திரி, நோணாங்குப்பம் போட் ஹவுஸ் என்று ஊர் முழுக்க வைத்துவிட்டு வந்தாய். “இன்னிக்கு எங்க வச்சேன் சொல்லு மாமா” என்று என்னைக் கேட்பாய். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது.

முதலில் வந்த பதிலை நீ பார்க்கவில்லை. போஸ்ட்மேன் என் கையில் கொடுத்தார். எவனோ ஒரு பொறுக்கி, எழுதக்கூடாததை எழுதிப் படமும் போட்டிருந்தான். வாசலிலேயே நின்று கிழித்துச் சாக்கடையில் போட்டேன். அப்படிப்பட்டவன் கையில் நம் விலாசம் இருக்கிறதே என்று எனக்குப் பதறியது. அன்றிலிருந்து பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், நீ சொன்ன இடத்துக்கெல்லாம் போய் அட்டைகளை எடுத்து வந்தேன். இரண்டு மூன்று தவறியிருக்கும்.

ஐந்து மாதம் ஒன்றும் வரவில்லை. வராதுதான், எல்லாம் என்னிடம் இருந்ததே. நீ மறுபடி படுத்துவிட்டாய். அதைப் பார்க்க முடியாமல்தான் பாக்கியம், நானே எழுதி ஊரில் வேறு வேறு பெட்டியில் போட ஆரம்பித்தேன். தப்புதான். ஆனால் உனக்காகச் செய்த தப்பு.

பொங்கலுக்கு வந்துவிடு. எனக்குப் பானை வைக்கத் தெரியாது.

உன்,
இளம்பரிதி


காரைக்கால்,
20.1.2025

இளம்பரிதிக்கு,

பதினாறு வருடத்தில் உங்கள் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல்முறை. ரேஷன் கடையிலும் பாங்கிலும் எழுதியதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மாமா என்று எழுதத்தான் கை போனது. வேண்டாம் என்று நிறுத்தினேன்.

எவனோ ஒருத்தன் அசிங்கமாக எழுதினான் என்று ஊரையே மூடிவிட்டீர்கள். இருபது வருடமாக டவுன் பஸ்ஸில் போய் வருகிறவள் நான். அசிங்கம் எனக்குப் புதுசா? அதை என் கையில் கொடுத்திருந்தால் நானே கிழித்திருப்பேன், நன்றாக நாலு வார்த்தை திட்டியும் இருப்பேன். அடுத்த அட்டையை யாராவது நல்லவர் எடுத்திருப்பார். அவர் என்ன எழுதியிருப்பார் என்று இனிமேல் யாருக்குத் தெரியும்?

பத்தொன்பது பதில் வந்தது. அம்மா செத்தபோது அழுகை வராத காலேஜ் பையன், வீட்டுக்குத் தெரியாமல் பாட்டு கற்றுக்கொள்ளும் பொம்பளை, தம்பியோடு பேசாமலிருக்கும் மீன்காரர். அத்தனை பேரும் நீங்கள்தான். அத்தனை பேரையும் சாமி படத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தேன், மடச்சி. போகட்டும், அதைக்கூடப் பொறுத்துத் தொலைத்திருப்பேன். போட் ஹவுஸ் அக்காவைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று மூன்று முறை தேடிவிட்டேன். டீச்சர் ஜாக்கெட் இருக்கிறது, பொங்கல் பானை இருக்கிறது, அக்கா இல்லை.

நான் போட் ஹவுஸில் வைத்த அட்டை அது என்று ஒட்டியிருந்த துணியைப் பார்த்தே தெரிந்தது. அதில் இருந்தது எனக்கு மனப்பாடம். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ‘நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் மறந்துவிட்டுப் போகும் தண்ணீர் பாட்டில்களைச் சாயங்காலம் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். எனக்கு மூன்று முறை வந்து, தங்காமல் போய்விட்டது. இனி போதும் என்று நானே நிறுத்திவிட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது, இன்னும் மருந்து சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்திய அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அதற்காக என்னை யாராவது மன்னிக்க வேண்டும் போலிருக்கிறது.’

என் கதையை எவளோ ஒருத்தி எனக்கு முன்பே வாழ்ந்து பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். மூன்று மாதம் அந்த அட்டை என் தலையணை உறைக்குள் இருந்தது. ‘போட் ஹவுஸ் அக்காவுக்கு’ என்று எழுதி அதே இடத்தில் அட்டை வைத்தேன், இரண்டு முறை பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் நின்று, படகுக்கு வரிசையில் நிற்கும் பெண்கள் முகத்தையெல்லாம் பார்த்தேன். நீங்கள்தான் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டீர்கள். “கண்டுபுடிச்சியா?” என்றுகூடக் கேட்டீர்கள். எழுத்தைப் பார்த்து ஆள் ஒல்லி என்று முடிவு செய்து, ஒரு ஜாக்கெட் தைத்து அங்கே டிக்கெட் கொடுக்கும் அம்மாவிடம் விட்டு வந்தேனே, அதையும் நீங்கள்தானே வாங்கிக்கொண்டீர்கள்?

போன ஜூன் மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நமக்காக அங்கே உறைய வைத்த இரண்டு கரு பத்திரமாக இருந்தது. இன்னும் வைத்திருங்கள் என்று வருடா வருடம் எழுதிக் கொடுப்போம். அக்காவை நினைத்துக்கொண்டு, ‘வேண்டாம்’ என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவை எடுத்துக் கொடுத்தது நீங்கள். “நல்லா யோசிச்சிட்டியா பாக்கியம்?” என்றீர்கள்.

எனக்குக் கோபம்தான் வரும் என்று நினைத்தேன், துக்கம் வருகிறது. இந்த அக்கா எனக்குச் செத்துப்போய்விட்டாள். “இல்லாத ஆளுக்கு ஏங்கா இப்படி அழுவுற?” என்கிறாள் நிர்மலா. கூடப் பிறந்தவளிடம் சொல்லாததை அந்த அக்காவிடம் சொல்லியிருக்கிறேன் என்று இவளிடம் எப்படிச் சொல்வது?

குழந்தை வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், அதை என்னிடம் சொல்ல வாய் இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். தண்ணி மோட்டார், கேஸ் சிலிண்டர் எதுவும் வேண்டாம்.

பாக்கியலட்சுமி


நெல்லித்தோப்பு,
29.1.2025

பாக்கியம்,

ஐந்து நாளாக உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேன் ஓட்டினேன். கேட்டதற்கு மட்டும் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

குழந்தை வேண்டாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மூன்றாவது முறை உனக்கு ரத்தம் நிற்காமல் போனதே, அன்றைக்கு டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். நீ மயக்கத்தில் இருந்தாய். இனி சுமந்தால் கர்ப்பப்பை தாங்காது, உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார். “உங்க வீட்ல பக்குவமா எடுத்துச் சொல்லுங்க” என்றார். நான் தலையாட்டினேன். அந்தப் பக்குவம் எனக்கு வரவில்லை.

எத்தனையோ முறை சொல்ல வந்தேன். நீ அந்த இரண்டைப் பற்றிப் பேசுவாய். ஒன்றுக்கு ஒரு பேர்கூட வைத்திருந்தாய். உன் உடம்பு தாங்காது என்று நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால் நீ உடைந்து போய்விடுவாய் என்று பயந்தேன். இல்லையென்றால் உயிர் போனாலும் பரவாயில்லை என்று கிளம்பிவிடுவாய். நீ அப்படிப்பட்டவள்தான். நான் சொல்லிக் கேட்க மாட்டாய். முகம் தெரியாத ஒருத்தி சொன்னால் கேட்பாய் என்று தோன்றியது. கேட்டாய்.

நீ இன்றைக்கு உயிரோடு இருக்கிறாய். அதற்காக நூறு பொய் வேண்டுமானாலும் சொல்வேன் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதே நினைப்பா என்றால், தெரியவில்லை.

ஜாக்கெட்டை நான்தான் வாங்கி வந்தேன். தூக்கிப்போட மனசு வரவில்லை. வேனில் என் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

இளம்பரிதி


காரைக்கால்,
10.2.2025

உங்கள் கடிதம் வந்தது.

என் உடம்பு. அதைப் பற்றி டாக்டருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அந்தத் தாழ்வாரத்தில் நின்ற நர்சுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் தெரியாது. இரண்டு வருடம் அதே உடம்பில் குடியிருந்துகொண்டு, அதற்கு மருந்து போட்டுக்கொண்டு, அது சரியாகிவிடும் என்று செவ்வாய் வெள்ளி விளக்கு ஏற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன். நீங்கள் எதிரில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டீர்கள்.

நான் கேட்க மாட்டேன் என்று எப்படித் தெரியும்? ஒருமுறை சொல்லிப் பார்த்தீர்களா? நான் உயிர் போனாலும் பரவாயில்லை என்று கிளம்பியிருப்பேனோ, வேண்டாம் என்று விட்டிருப்பேனோ, எனக்கே தெரியாது. என்னிடம் கேட்கவே இல்லையே. என் பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள், அதுவும் இடது கையால்.

நிர்மலா உங்கள் பக்கம் பேசுகிறாள். “அவரு உன் உசுரக் காப்பாத்தத்தானக்கா செஞ்சாரு” என்கிறாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நாளைக்கு நானே சொன்னாலும் சொல்வேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களை நன்றாக வெறுக்கக்கூட முடியாதபடி செய்துவைத்திருக்கிறீர்கள்.

இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரெடிமேட் கடையில் ஆல்டரேஷன் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். காலையில் போனால் சாயங்காலம்தான் வருகிறேன். போகிற வழியில் எந்தப் பெஞ்சைப் பார்த்தாலும் ஒரு அட்டை வைக்கலாம் என்று கை பரபரக்கிறது. வைப்பதில்லை.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். உங்களிடமிருந்து கடிதம் வேண்டாம். அக்காவிடமிருந்து ஒன்று வேண்டும். கடைசியாக ஒன்று. ஊரைவிட்டுப் போகிறேன், இனி எழுத மாட்டேன், நீ நன்றாக இரு என்று மட்டும் எழுதட்டும். பைத்தியம் என்று நினைத்தாலும் சரி. ஒரு ஆள் போனால் போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டாமா? அந்தக் கையெழுத்தில் வேண்டும்.

பாக்கியலட்சுமி


நெல்லித்தோப்பு,
9.3.2025

பாக்கியம்,

அக்காவிடமிருந்துதான் இது வந்திருக்க வேண்டும். என்னிடமிருந்து வந்ததற்கு மன்னித்துக்கொள்.

நீ தைத்த அட்டைகளில் நாலைப் பாழாக்கிவிட்டேன். இடது கையில் பேனாவைப் பிடித்து ‘தங்கச்சி’ என்று எழுதுகிறேன், மேலே போகவில்லை. முன்பெல்லாம் தடையில்லாமல் வரும். ஏன் வரவில்லை என்று யோசித்தேன். யோசித்ததில் கண்டுபிடித்ததை எழுதுகிறேன். இதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த அக்காவை நான் கற்பனை செய்யவில்லை. மீன்காரரைச் செய்தேன், காலேஜ் பையனைச் செய்தேன். அக்கா அட்டையில் இருந்ததெல்லாம் நான்தான். பாட்டிலைக் கழுவுவது நான். வேனில் தினமும் இரண்டு மூன்று கிடக்கும். ஸ்டாண்டில் இருக்கும் குழாயில் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். காலையில் அதது ஏறும்போது, “டிரைவர் அங்கிள், என் பாட்டில்” என்று கை நீட்டும். எடுத்துக் கொடுப்பேன். அதைவிட எனக்கு என்ன வேண்டும் என்று சில நாள் தோன்றும். சில நாள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுவேன். கலைவாணன் ஒருமுறை பார்த்துவிட்டான். அவனும் வேன் ஓட்டுகிறவன்தான். கண்ணில் தூசி என்றேன். “தூசி நல்லாத்தான் விழுது உனக்கு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று முறையும் உனக்கு மட்டும்தான் போனது என்று நீ நினைத்தாய். நான் அப்படி நினைக்கவைத்தேன். இரண்டாவது முறை நீ என் சட்டையைப் பிடித்து, “உனக்கு வலிக்கவே வலிக்காதா மாமா?” என்று கேட்டாய். நான் சாப்பாடு வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். நானும் படுத்துவிட்டால் உன்னை யார் எழுப்புவது என்று இருந்தேன். எங்கள் வீட்டில், வேலை செய்த மில்லை மூடியபோதுகூட அப்பா அழுது நான் பார்த்ததில்லை. ஆம்பளை எப்படி அழ வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பொம்பளையாக எழுத உட்கார்ந்தபோது மடமடவென்று வந்தது. மன்னிக்க வேண்டும் போலிருக்கிறது என்று எழுதினேனே, அது உன்னிடம் கேட்டதுதான்.

நீ இரண்டு முறை அக்காவுக்குப் பதில் எழுதினாய். ‘உங்களை நான் மன்னித்துவிட்டேன் அக்கா, நிம்மதியாக இருங்கள்’ என்று எழுதியிருந்தாய். படகுத்துறையில் நின்று அதைப் படித்தேன். எனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து அறையில் படுத்திருப்பவளிடமிருந்து அதைத் திருடி வாங்கியது அப்போது உறைக்கவில்லை.

அக்கா போய்வருகிறேன் என்று எழுத முடியாது பாக்கியம். நான் போக விரும்பவில்லை. நீ வா. இல்லையென்றால் நான் வருகிறேன், கடை வாசலில் நிற்கிறேன். உன் எதிரில் அழுகிறேன்.

மாமா


காரைக்கால்,
27.3.2025

மாமா,

கடை வாசலில் வந்து நிற்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை நிர்மலாவுக்குக் காட்டவில்லை. காட்டினால் அன்றைக்கே என்னைப் பஸ் ஏற்றிவிடுவாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் துணிக்கட்டுமேல் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். எனக்காக இல்லை, வண்டியை ஓரமாக நிறுத்தியவருக்காக. அந்த ஆளை எனக்கு அறிமுகமே செய்யவில்லையே நீங்கள். பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். மூன்று முறையும் நான் தனியாக அழுதேன், நீங்களும் தனியாக அழுதிருக்கிறீர்கள். இரண்டு பேரும் ஒருமுறை சேர்ந்து அழுதிருந்தால் நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன். எனக்கு அந்த அட்டை விளையாட்டே தேவைப்பட்டிருக்காது.

அக்காவுக்கு நான் கொடுத்த மன்னிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அது அவளுக்குக் கொடுத்தது. உங்களுக்கென்று தேடிப் பார்க்கிறேன், இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். வராமலும் போகலாம்.

நான் வரவில்லை மாமா. கோபத்தில் சொல்லவில்லை. அந்த வீட்டில் நீங்கள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூட இதில் எனக்குச் சொல்லாதது என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். உங்களுக்கும் அது நரகம்தான். மிஷினை மட்டும் லாரியில் ஏற்றி அனுப்புங்கள். கவிநிலா டீச்சர் ஜாக்கெட் பீரோவில் மேல்தட்டில் நீலக் கவரில் இருக்கிறது, கொடுத்துவிடுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

போன வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, என் பைலை எடுத்துக்கொண்டு, இங்கே ஒரு லேடி டாக்டரிடம் போனேன். நீங்கள் எழுதியது நிஜமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நாற்பது வயதில் முதல்முறையாக அப்படி ஒரு அறைக்குள் தனியாகப் போகிறேன். அந்த அம்மா பைலை முழுக்கப் படித்தார். பிறகு கதவைப் பார்த்தார். “கூட வீட்டுக்காரரு யாரும் வரலியாம்மா?” என்று கேட்டார்.

“இல்லைங்க, எங்கிட்டயே சொல்லுங்க” என்றேன்.

சொன்னார். நீங்கள் சொன்னது முழுக்க நிஜம். இன்னொரு முறை என்றால் நான் பிழைத்திருக்க மாட்டேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னார். எல்லாம் தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்தக் கையெழுத்தை அக்கா இல்லாமலே நானாகப் போட்டிருப்பேன் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை மாமா. கேட்டுக்கொண்டேன். நான் உடைந்து போகவில்லை.

பாக்கியம்